உறைபனிக் காலையும் லித்தியம் பேட்டரியும்



நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கும் காலம் இது. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், ரேஸ் கோர்ஸ் போன்ற தாழ்வான இடங்களில் விடியும் நேரத்தில் புல்லும் கூரைத் தகரமும் வாசலில் நிற்கும் பைக்கின் சீட்டும் வெள்ளை பூத்துக் கிடக்கும். ஃபஜ்ருக்குக் கிளம்புகிறவர்களும், அதற்கும் முன்னே பேக்கரிச் சரக்கு, பால், கறிக்கடை, காய்கறி மார்க்கெட் வேலை என்று புறப்படுகிறவர்களும் அந்த நேரத்தில்தான் செல்ஃப் பட்டனை அழுத்துகிறார்கள். வண்டி "டொக்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அந்த ஒரு சத்தத்தால் நம் குடும்பங்களில் எவ்வளவு பணம் வீணாகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தீர்மானித்தோம்.

நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் வண்டி வாங்கியவர்களில் சிலர் செகண்ட் ஹேண்டாக 350 சிசி பைக் எடுத்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் முதல் சொந்தக்காரர் ஆசைப்பட்டு லித்தியம் பேட்டரி மாட்டிவைத்திருக்கிறார். வாங்கியவருக்கு அது தெரியாது. சென்ற குளிர்காலத்தில் பன், வர்க்கி சப்ளை செய்யும் ஒரு சகோதரருக்கு இதுதான் நடந்தது. விடிகாலை நாலரைக்கு வண்டி எடுக்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து, "பாய், பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றே புது பேட்டரி வாங்கினார். பழையதை எடைக்குப் போடும் விலைக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பழைய பேட்டரி மத்தியானம் வெயிலில் வேறொருவர் வண்டியில் மாட்டியதும் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. அது சாகவில்லை, விறைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சகோதரர் அந்த மாதக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் எங்களிடம் தவணை கேட்டு வந்தபோதுதான் விஷயமே எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த பேட்டரி என்று பாருங்கள். சீட்டையோ பக்கவாட்டு மூடியையோ கழற்றினால் தெரியும். வழக்கமான பேட்டரி ஈயமும் கந்தக அமிலமும் கொண்டது. கையில் எடுத்தால் கனக்கும். லித்தியம் அதே அளவுப் பெட்டியாக இருந்தாலும் காலியோ என்று சந்தேகப்படும் அளவுக்கு எடை குறைவு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மேலே லித்தியம் என்றோ, எல், ஐ, எஃப், ஈ, பி, ஓ, நான்கு என்ற எழுத்துக்களோ அச்சிட்டிருக்கும். அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்பதன் குறியீடு. செல்போனில் இருக்கும் லித்தியமும் இதுவும் ஒன்றல்ல. இது அதைவிட நிதானமான குணம் உடையது, எளிதில் தீப்பிடிக்காது. அதனால்தான் பைக்குக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த இரும்பு பாஸ்பேட் வகை 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அந்தக் குழுவில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி என்று நம் நாட்டவர்களும் இருந்தார்கள். அதற்கு அடிப்படை போட்ட 1980களின் ஆய்வுகளில் குட்இனஃபுடன் சேர்ந்து உழைத்தவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவருக்காக நோபல் உரையை மேடையில் வாசித்தவர் மந்திரம்தான். பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

குளிரில் என்ன நடக்கிறது?

எந்த பேட்டரியும் உள்ளே ஒரு திரவத்தின் வழியாக அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போவதால்தான் மின்சாரம் தருகிறது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதை நம் வீட்டில் தினமும் பார்க்கிறோம். லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் திரவம் அப்படிக் கட்டியாகிவிடாது. ஆனால் இளகுதன்மை குறைந்து அயனிகளின் நடை தளர்ந்துவிடும். பேட்டரிக்குள் மின்சாரம் நிறைய இருக்கும், வெளியே வர வழி குறுகிவிடும். இதை உள்தடை கூடுவது என்பார்கள். பத்து டிகிரிக்குக் கீழே போனால் லேசாகத் தயக்கம் தெரியும். பூஜ்யத்தை ஒட்டிவிட்டால் முதல் அழுத்தத்தில் வண்டி எடுக்காமல் போவது சகஜம்.

அமில பேட்டரிக்கும் குளிர் ஆகாது. ஆனால் அது அந்த வெப்பநிலையில் ஓரளவு சமாளித்து ஒரு நல்ல உதை கொடுத்துவிடும்; லித்தியம் தடுமாறும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. விடிகாலையில் எஞ்சின் ஆயில் பாகு போலக் கெட்டியாக இருக்கும். மோட்டார் அதைச் சுற்றிவிட வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்கும். பேட்டரி குறைவாகக் கொடுக்கும் நேரத்தில் மோட்டார் அதிகமாகக் கேட்கிறது.

இங்கேதான் லித்தியத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். உள்தடை வழியாக மின்சாரம் பாயும்போது பேட்டரிக்குள்ளேயே சூடு பிறக்கிறது. சூடு பிறந்தால் திரவம் இளகுகிறது, தடை குறைகிறது, அடுத்த முறை இன்னும் அதிகம் கொடுக்கிறது. ஆகவே குளிரில் விறைத்த நல்ல லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முயற்சியிலும் பலம் கூடும். முதல் முறை "டொக்". இரண்டாம் முறை எஞ்சின் ஒரு சுற்று முனகும். மூன்றாவது, நான்காவது முறை பிடித்துக்கொள்ளும். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியோ நேர்மாறாக, ஒவ்வொரு முறையும் பலம் குறைந்துகொண்டே போகும். முதலில் முனகியது அடுத்து "டொக்" ஆகும், அதற்கடுத்து மீட்டர் விளக்கே மங்கிவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இந்த வித்தியாசத்தை நீங்களே காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

செய்முறை எளிது. கிளட்சை முழுவதுமாகப் பிடியுங்கள். கியர் பாக்ஸில் இருக்கும் கெட்டி ஆயிலின் இழுவை அதனால் குறையும். கார்புரேட்டர் வண்டியென்றால் சோக் இழுங்கள், ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியென்றால் ஆக்சிலேட்டரைத் தொடவேண்டாம். செல்ஃபை மூன்று முதல் ஐந்து வினாடி அழுத்திவிட்டு விடுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். அந்த இடைவெளியில் பேட்டரிக்குள் பிறந்த சூடு எல்லாப் பக்கமும் பரவும், மோட்டாரும் ஆறும். மீண்டும் அழுத்துங்கள். நான்கைந்து முறை பார்த்தும் பலம் கூடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அது குளிர்ப் பிரச்சினை இல்லை. பொறுமையில்லாமல் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கருகுவது செல்ஃப் மோட்டார். வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்" என்ற யோசனையை நிறையப் பேர் சொல்வார்கள். பேட்டரி தயாரிப்பாளர்களும் சொல்வதுதான். ஆனால் நம் ஊர் வண்டிகளில் இதற்கு இரண்டு தடைகள் உண்டு. 2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் புதிதாக விற்கும் இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட்டுக்கு அணைக்கும் சுவிட்சே இல்லை. எஞ்சின் ஓடினால் தானாக எரியும் ஏற்பாடு. பல மாடல்களில் எஞ்சின் ஓடாமல் அது எரியாது, அப்புறம் எதை வைத்துச் சூடேற்றுவது? இரண்டாவது, இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரம்தான் எடுக்கும். பேட்டரிக்குள் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் பத்து மடங்கானால் சூடு நூறு மடங்கு. பழைய ஹாலோஜன் விளக்கு நாலைந்து ஆம்பியர் இழுக்கும். செல்ஃப் மோட்டாரோ அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். ஆகவே விளக்கு போடுவது சிறு உதவிதான், மேலே சொன்ன சின்னச் சின்ன செல்ஃப் முயற்சிகள்தான் உண்மையில் பேட்டரியை எழுப்புகின்றன. பழைய வண்டியில் ஹாலோஜன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை.

கிக்கர் இருக்கும் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். அண்மையில் வரும் பெரிய பைக்குகளில் கிக்கரை எடுத்துவிட்டார்கள். ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கடினம். பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டுமே.

செய்யக் கூடாதவை

பேட்டரி மேல் வெந்நீர் ஊற்றுவதையும், கணப்புச் சட்டியைத் தூக்கி வந்து வண்டிக்கு அடியில் வைப்பதையும் நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். பெட்ரோல் டேங்குக்கு அடியில் கரி நெருப்பு! இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. (கணப்பு என்றதும் ஒரு வார்த்தை: கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி மூட்டி வைத்துத் தூங்காதீர்கள். வாசனையே இல்லாத நச்சுப் புகை உயிரை எடுத்துவிடும்.)

அடுத்தது சார்ஜ் ஏற்றுவது. இதுதான் பேட்டரிக்கு நிரந்தரக் கேடு செய்வது. குளிரில் லித்தியத்திலிருந்து மின்சாரத்தை எடுப்பதால் பேட்டரி கெடாது. ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜரை மாட்டினால், லித்தியம் அயனிகள் உள்ளே இருக்கும் கிராஃபைட் தகட்டுக்குள் புக நேரமில்லாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது திரும்பாது. பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்குப் போய்விடும். ஒரே ராத்திரியில் தெரியாது, சில முறை செய்தால் "நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லும் நிலை வரும். எனவே இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற வண்டியின் பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, தொட்டால் சில்லென்று இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகே சார்ஜரில் போடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வண்டி ஓடும்போது தானாக ஏறும் சார்ஜைப் பற்றி நம் ஊரில் இந்த அளவு அஞ்ச வேண்டியதில்லை. கொட்டகைக்குள் நின்ற வண்டியின் பேட்டரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது அரிது, செல்ஃப் அடித்ததில் கொஞ்சம் சூடும் ஏறியிருக்கும். லடாக் போகத் திட்டமிடும் நம் வாலிபர்களுக்கு மட்டும் இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும். அங்கே கணவாய்களின் இரவு வேறு மாதிரி.

சார்ஜரும் சரியானதாக இருக்க வேண்டும். அமில பேட்டரிக்கான சில சார்ஜர்களில், தகட்டில் படிந்த சல்பேட்டை உடைக்க உயர் வோல்ட் துடிப்புகளை அனுப்பும் வசதி இருக்கும். லித்தியத்துக்கு அது ஆகவே ஆகாது. ஒர்க்‌ஷாப்பில் சார்ஜுக்குக் கொடுத்தால் "இது லித்தியம்" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். கார் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு எழுப்புவதையும், முழுவதும் இறங்கிப்போன லித்தியத்துக்குச் செய்யாதீர்கள். அளந்து பார்த்து எட்டு ஒன்பது வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் அதை மீட்க முயல்வதே ஆபத்து. உப்பியிருந்தால் உடனே கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

அளவைப் படிக்கும் முறை

மெக்கானிக்குகள் நல்ல எண்ணத்தோடு தவறாகப் படிக்கும் இடம் இது. அமில பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் அளவில் காட்டும். அதே 12.7 லித்தியத்தில் காட்டினால் அது கிட்டத்தட்டக் காலி! லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் நான்கு செல்கள் தொடராக இருக்கின்றன. நிறைந்த நிலையில், வண்டி சில மணி நேரம் ஓய்வாக நின்ற பிறகு, 13.3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 13-க்கு வந்தாலே சார்ஜ் போட வேண்டிய நேரம். "பன்னிரண்டரைக்கு மேல இருக்கு, பேட்டரி ஓகே, மோட்டார்தான் போச்சு" என்று ஒருவர் சொன்னால், அவர் பழைய கணக்கில் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்போதும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். சற்று முடுக்கிப் பிடித்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் நல்லது. 14.6-ஐத் தாண்டிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. லித்தியம் அதை வெகுநாள் தாங்காது. பழைய ஆர்.எக்ஸ்., பழைய புல்லட் போன்ற வண்டிகளில் லித்தியம் மாட்ட விரும்புகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஆம்பியர்-மணிக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில லித்தியம் பேட்டரிகளின் மேல் போட்டிருக்கும் எண், "இத்தனை ஆம்பியர்-மணி அமில பேட்டரிக்குச் சமமாக ஸ்டார்ட் செய்யும்" என்ற ஒப்பீடுதான். உள்ளே உண்மையில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். வெயில் காலத்தில் ஸ்டார்ட் செய்ய அது போதும். ஆனால் ஜி.பி.எஸ். கருவி, திருட்டு அலாரம், கூடுதல் ஃபாக் லைட் மாட்டியவர்கள் நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பினால் பேட்டரி தரைதட்டியிருக்கும். டெலிவரி வேலை செய்பவர்கள் வண்டியிலிருந்து செல்போனுக்குச் சார்ஜ் எடுப்பதும் இதில் சேரும். எஞ்சின் ஓடாதபோது பிளக்கை எடுத்துவிடுங்கள்.

இனி பலரும் எங்களிடம் நேரடியாகக் கேட்கும் கேள்வி: புதிதாக லித்தியம் வாங்கலாமா?

எங்கள் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறோம். ஊட்டியிலும் அதைச் சுற்றிய உயரமான பகுதிகளிலும், விடியுமுன் ஒரே ஒரு பைக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர் நல்ல அமில பேட்டரி வாங்குவதே மேல். விலை லித்தியத்தைவிட மிகக் குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் தெரியும், குளிரில் முதல் அழுத்தத்துக்கே பதில் சொல்லும். இரண்டு கிலோ எடை குறைவதால் வர்க்கி மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு என்ன லாபம்? கடன் தொகையில் லித்தியம் வாங்குவதற்கு எங்களிடம் விண்ணப்பிக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்லிவருகிறோம்.

மாறாக, வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்துகிறவருக்கு லித்தியம் பொருந்தும். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையின் பைக் வீட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமில பேட்டரி தானாகச் சார்ஜ் இழந்து, சல்பேட் படிந்து, அவர் விடுமுறையில் வரும்போது செத்துப்போயிருக்கும். லித்தியம் தானாக இழப்பது மிகக் குறைவு. மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டால் மாதங்கள் கழித்தும் உயிரோடு இருக்கும். சரியாகப் பராமரித்தால் அமில பேட்டரியைவிட நீண்ட ஆயுளும் உண்டு. ஏற்கெனவே வண்டியில் லித்தியம் இருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு மாற்றவும் வேண்டாம். மேலே சொன்ன முறையில் எழுப்பிப் பழகுங்கள். குன்னூர், கூடலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே பனி இந்த அளவு இறங்குவதில்லை.

செலவில்லாத காரியம் ஒன்று உண்டு, வண்டியை நிறுத்தும் இடம். தெளிந்த வானமுள்ள இரவில் திறந்தவெளியில் நிற்கும் பொருள் தன் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும்; அதனால்தான் மரத்தடியில் உறைபனி குறைவு, புல்வெளியில் அதிகம். ஒரு தகரக் கூரை, அதுவும் இல்லையென்றால் ஒரு தார்பாய் மூடினாலே பேட்டரிக்குச் சில டிகிரி மிச்சமாகும். வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தினால் இன்னும் நல்லது. மிகக் குளிரான இரவுகளில் லித்தியத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்வோரும் உண்டு. எடை குறைவானதால் அது சாத்தியம்தான். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், டெர்மினல்களில் எந்த உலோகமும் படாமல் வையுங்கள்.

கெட்டுப்போன லித்தியத்தைக் குப்பைத் தொட்டியிலோ தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடமோ போட வேண்டாம், நசுங்கினால் புகையும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. விற்ற கடையில் கேளுங்கள்.

நம் அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். பிப்ரவரி முடியும் வரை ஒவ்வொரு வெள்ளியும் ஜுமுஆவுக்குப் பிறகு வண்டியோடு வந்தால், நிற்கும் நிலையிலும் எஞ்சின் ஓடும் நிலையிலும் அளந்து, எந்த வகை பேட்டரி என்பதையும் ஒரு சீட்டில் எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். கட்டணம் இல்லை. அந்தச் சீட்டை சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்துக்கொண்டால் அடுத்த முறை மெக்கானிக் திறந்து பார்க்கும்போது அவருக்கும் தெரியும்.